உப்புப் பாறையும் பத்துக் கட்டுக் கீரையும்

மூங்கில் காட்டுக் காட்டெருமைக் கூட்டத்துக்குக் கடம்பன்தான் தலைவன். ஆள் மலை மாதிரி. கோபமோ மூக்கு நுனியில் இருக்கும்.

சில நாட்களாக அவனுக்குத் தலை கிறுகிறுத்தது. காதுக்குள் 'திம் திம்' என்று யாரோ பறை அடித்தார்கள். மழை வருவதற்குள் கூட்டத்தைப் பாறை விளிம்புப் பாதை வழியாக மேட்டுப் புல்வெளிக்குக் கூட்டிப்போக வேண்டும். அங்கே தலை சுற்றினால் அதோகதிதான்! கடம்பன் வைத்தியரைத் தேடிப் போனான்.

காட்டுக்கு வைத்தியர் மரங்கொத்தி. தட்டிப் பார்த்தே மரத்துக்குள் புழு இருப்பதைச் சொல்லிவிடுவார். அவர் கடம்பனின் விலாவில் காதை வைத்தார்.

"அடேயப்பா! ரத்தம் இந்தப் பாய்ச்சல் பாயுதே! உப்புப் பாறையை எத்தனை தடவை நக்குறே?"

"ஒண்ணு... ரெண்டு தடவை, வைத்தியரே."

"நாக்கெல்லாம் வெள்ளையா இருக்கு. என்கிட்டயே புளுகுறியா?"

கடம்பன் நாக்கைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டான்.

"தினம் காலையில இந்தக் கசப்பு வேரை மெல்லு. ஓடைவரைக்கும் நட. சிடுசிடுக்காதே. உப்புப் பாறைப் பக்கமே போகாதே!"

வழியில் சொக்கி என்ற குரங்கு மரத்திலிருந்து குதித்தது.

"வேரா? தூக்கி எறிங்க அண்ணே! முருங்கைக்கீரை தின்னுங்க. என் அத்தை மகனுக்கு ஒரே வாரத்துல சரியாயிடுச்சு!"

"உப்பை விடணுமா?"

"எதுக்கு? கீரை எல்லாத்தையும் பார்த்துக்கும்!"

கடம்பனுக்கு வாயெல்லாம் பல். வேர் புதருக்குள் போனது.

ஆனால் வெறும் கீரை தொண்டையில் இறங்கவில்லை. உப்புப் பாறையில் ஒரு தேய் தேய்த்துத் தின்றான். ஆகா! அமிர்தம்! நல்லதுதானே என்று தினம் பத்துக் கட்டு தின்றான். பத்துக்கும் பத்துத் தேய்.

புறப்படும் நாள் வந்தது. விளிம்புப் பாதையில் பாதி தூரம் போனதும் கடம்பனின் முன்னங்கால்கள் மடிந்தன. கற்கள் பள்ளத்தில் உருண்டன.

"என்னங்க!" என்று பின்னாலிருந்து அலறினாள் மனைவி செவலி.

திரும்ப இடமில்லை. இருபது காட்டெருமைகளும் பின்பக்கமாகவே நடந்து இறங்கின!

மரங்கொத்தி பறந்து வந்தார். நடந்ததைக் கேட்டார்.

"கீரையை எப்படித் தின்னே?"

"சும்மா இறங்கலை. கொஞ்சம்... பாறையில தேய்ச்சு..."

கூட்டமே சிரித்தது. வழக்கமாக முட்ட வரும் கடம்பனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"கீரை நல்லதுதான், உப்பில்லாமத் தின்னு. ஆனா நான் கொடுத்த வேரை எறியச் சொன்னது யாரு?"

பக்கத்து மரத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சொக்கி தன் வாலில் பேன் தேடத் தொடங்கியது.

நல்லவேளையாக மழை ஒரு மாதம் தள்ளிப்போனது. கடம்பன் முகத்தைச் சுளித்தபடி வேரை மென்றான். ஓடைவரை நடந்தான். செவலி உப்புப் பாறையை மறைத்துக்கொண்டு படுத்தாள். காதுக்குள் அடித்த பறை மெல்ல மெல்ல ஓய்ந்தது. வைத்தியர் மறுபடி காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இப்போ போகலாம். ஆனா வேரை விட்டுடாதே!" என்றார்.

முதல் மழைமேகம் தெரிந்ததுமே கூட்டம் புறப்பட்டது. உப்புப் பாறையைத் தாண்டும்போது கடம்பனின் நாக்கு தானாக வெளியே எட்டிப் பார்த்தது.

"என்னங்க!" என்றாள் செவலி.

நாக்கு உள்ளே போய்விட்டது. கடம்பன் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் முன்னால் நடந்தான். பொழுது சாய்வதற்குள் எல்லோரும் புல்வெளியில் மேய்ந்துகொண்டிருந்தார்கள்.

நோயை வளர்க்கும் பழக்கத்தை விடாமல், வைத்தியர் தந்த மருந்தையும் எறிந்துவிட்டு, எந்தக் கீரையைக் கட்டுக் கட்டாகத் தின்றாலும் பயனில்லை.