மூழ்கிய தீவின் அஞ்சலி

கல்லூரியில் மாதிரி ஐ.நா. சபை. தலைவர் நாற்காலியில் இறுதியாண்டு கௌதமராஜ். கடைசி வரிசையில் நெய்தல் தீவின் பெயர்ப்பலகையோடு முதலாண்டு இசக்கியம்மாள்.

"இன்றைய கற்பனைக் கதைப்படி உன் தீவு காலையில் கடலில் மூழ்கிவிட்டது. அந்தக் கடலைப் பங்குபோடும் தீர்மானம் ஐந்து மணிக்குள் நிறைவேறாவிட்டால் செல்லாது. செத்த நாட்டுக்கு ஓட்டு இல்லை. வாயைத் திறக்காதே!" என்றான் தலைவன்.

"சரிங்க தலைவரே. செத்தவங்களுக்கு மௌன அஞ்சலி மட்டும் வேணும்."

மறுக்க முடியுமா? எல்லோரும் எழுந்தார்கள். அஞ்சலி கேட்டவர் 'நன்றி' சொல்லும்வரை யாரும் பேசக்கூடாது என்பது தலைவனே எழுதிய விதி.

அரைமணி நேரம் இசக்கி இமைக்கவே இல்லை. மின்விசிறிகள் அலைபோல் இரைந்தன. முன்வரிசைப் பெண் குனிந்து, தன் கால் நனைகிறதா என்று பார்த்தாள். தலைவன் சுவர்க் கடிகாரத்தையும் இசக்கியையும் மாறிமாறிப் பார்த்தான்.

மணி ஐந்து அடித்தது.

"நன்றி," என்றாள் இசக்கி. "நீங்க சொன்னபடி வாயே திறக்கலை, தலைவரே."