அஞ்சியவர் ஓட்டிய ஓடம்

கொள்ளிடத்தின் தென்கரையில் நெல்லிப்பாடி என்றோர் ஊர். அவ்வூர்ச் சிவாலயத்துக்குத் திருநீறு ஆக்கித் தரும் பணி மருதனாருடையது. விடிந்ததும் மந்தைக்குப் போய், பசுஞ்சாணத்தை மண்ணில் விழாமல் தாமரை இலையில் ஏந்துவார். உருண்டை பிடித்துக் காயவைத்து, உமி மூடி எரித்து, மெல்லிய துணியில் சலித்து, கோயில் வாசலில் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பார். அவரிடம் சாண வாடை அடிக்கிறதென்று சிலர் மூக்கைச் சுளிப்பதுண்டு. தாம் ஆக்கிய நீறு ஈசன் திருமேனியில் படுகிறதே என்ற நிறைவில் அவருக்கு அது உறைத்ததேயில்லை.

வெகுகாலம் பிள்ளையின்றி இருந்த அவருக்கும் மனைவி செம்பிக்கும் நங்கை பிறந்தாள். நடக்கத் தொடங்கியதிலிருந்து தகப்பனின் பின்னாலேயே திரிந்தாள். சலித்த நீற்றில் கையை விட்டு, கண்ணில் பட்டதற்கெல்லாம் பூசுவாள். கன்றுக்குட்டி, அம்மிக்கல், வேலியில் காயும் சேலை எதுவும் தப்பாது. ஒருநாள் தெருநாயைப் பிடித்து உட்காரவைத்து நெற்றி நிறையப் பூசிக்கொண்டிருந்தாள்.

"நாய்க்கு எதுக்கம்மா?" என்று கேட்டார் மருதனார்.

"அதுக்கு மட்டும் சாமி வேணாமாப்பா?"

மருதனார் தாமும் குனிந்து அந்த நாய்க்குப் பூசிவிட்டார்.

அவளுக்கு ஐந்து வயது நடந்த ஐப்பசியில் காய்ச்சல் கண்டது. வைத்தியர் இருந்தது வடகரையில். மழையில் ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. ஓடக்காரர் கலியன் வாசலில் வந்து நின்றார்.

"மருதண்ணே, தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு. போறதுன்னா இப்பவே கிளம்புங்க. நான் கொண்டுபோய்ச் சேக்குறேன்."

செம்பி பிள்ளையைப் போர்வையில் சுற்றினார். மருதனார் கரைவரை போய் ஆற்றைப் பார்த்தார். வேரோடு பிடுங்கிய மரமொன்று சுழன்று சுழன்று போய்க்கொண்டிருந்தது. அவருக்கு நீச்சல் தெரியாது. திரும்பி வந்து, "ஈசன் நீறு இருக்கையில வைத்தியர் எதுக்கு?" என்றார். பிள்ளையின் நெற்றியில் நீறு பூசி, மடியில் கிடத்திக்கொண்டார். மறுநாள் பொழுது சாயுமுன் நங்கை அந்த மடியிலேயே அடங்கிப்போனாள்.

ஊர் இரண்டாகப் பிரிந்து பேசியது. "பெத்த பிள்ளையைக் காக்காத சாம்பல் நமக்கு எதுக்கு?" என்றனர் சிலர். "என்ன உறுதி பாருங்க, இவரல்லவோ அடியார்" என்று வேறு சிலர் கைகூப்பினர். ஏச்சை அவரால் தாங்க முடிந்தது. கூப்பிய கைகளைத்தான் தாங்க முடியவில்லை. சாணம் ஏந்தும்போதும் நீறு சலிக்கும்போதும் ஆற்றில் கண்ட அந்த மரம் கண்ணுக்குள் சுழன்றது. பிள்ளையை நினைக்க உட்கார்ந்தால் அவள் சிரிப்பு வருமுன் தாம் சொன்ன அந்தச் சொல் வந்து நின்றது.

கோயிலில் நீறு வாங்குவோர் குறைந்தனர். ஒரு பெண் நெற்றிக்குக் கொண்டுபோன நீற்றை உதறியதை அவர் கண்ணாலேயே கண்டார். அடுத்த பிரதோஷத்தன்று, கூட்டம் நிறைந்திருந்த மண்டபத்தில் போய் நின்றார்.

"நீறு பொய்க்கல. நான்தான் பொய் சொன்னேன். ஆத்தைப் பாத்துப் பயந்துட்டேன். அந்தப் பயத்துக்கு ஈசன் பேரை வெச்சேன். ஏசுறதுன்னா என்னை ஏசுங்க."

மண்டபம் முழுதும் கேட்டது. அன்றுமுதல் அவருக்குக் கோழை என்று பெயர். வீடு திரும்பி மனைவியின் எதிரே தலை கவிழ்ந்து அமர்ந்தார். செம்பி அருகே வந்து அமர்ந்தார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார். "கரையிலேர்ந்து திரும்பி வந்தப்ப நீங்க என் முகத்தைப் பாக்கல. நானாவது தூக்கிட்டு ஓடியிருக்கணும். நானும் ஆத்தைத்தான் பாத்தேன்."

கலியனிடம் போய் நீந்தவும் ஓடம் தள்ளவும் கற்றார் மருதனார். தண்ணீரில் கால் வைக்கும்போதெல்லாம் உடல் உதறியது. உதறிக்கொண்டே கற்றார். பின்னர் கலியனுக்குக் கை தளர்ந்தபோது, வடகரைக்கு நோயாளிகளைக் கொண்டுபோகும் வேலையைத் தாமே ஏற்றார். காலையில் திருநீற்றுப் பணி, பிறகு ஓடம். எத்தனை பேரைக் கரை சேர்த்தாலும் நெஞ்சு லேசாகவில்லை. 'இவர்களுக்கெல்லாம் வந்தேனே, உனக்கு வரவில்லையே' என்று ஆற்றின் நடுவில் மகளிடம் சொல்லிக்கொள்வார்.

இன்னோர் ஐப்பசி. ஆறு முன்னைப்போலவே பெருகியது. கலியனே, "இன்னைக்கு வேணாம்ணே" என்று தடுத்த நாள். முதிய சிவனடியார் ஒருவர் காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் சாய்த்தபடி வாசலுக்கு வந்தார்.

"நீர் ஆக்கும் நீறு கொஞ்சம் தாரும். அது போதும், பிழைத்துக்கொள்ளும்."

மருதனார் அவர் பாதத்தில் விழுந்து எழுந்தார். குழந்தையின் நெற்றியில் நீறு பூசினார்.

"பூசிட்டேன் சாமி. இப்ப ஓடத்துல ஏறுங்க."

"இந்த வெள்ளத்திலா? ஈசனிடம் நம்பிக்கை இல்லையோ?"

"நம்பித்தான் சாமி ஆத்துல இறங்குறேன். பயமாத்தான் இருக்கு. நீங்க ஏறுங்க."

செம்பியும் ஏறிக் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார். நடு ஆற்றில் சுழல் ஓடத்தைப் பற்றியது. மருதனார் பற்களைக் கடித்துக் கோலை ஊன்றினார். உள்ளங்கை கிழிந்து குருதி வழிந்தது. கோலை விடவில்லை. ஓடம் வடகரையில் முட்டி நின்றபோது செம்பியின் மடியில் குழந்தை இல்லை, முதியவரும் இல்லை. கரைமேல் விடையின்மீது, அம்மையோடும் குமரனோடும் எழுந்தருளியிருந்தார் இறைவர். மருதனார் முகத்தை மூடிக்கொண்டு மணலில் விழுந்தார்.

"பெருமானே, பார்க்கத் தகுதியில்லை. பிள்ளையைக் கைவிட்டவன் நான்."

"அன்று நீ அஞ்சினாய். யாம் அறிவோம், அவளும் அறிவாள்" என்றார் இறைவர். "ஆயினும் அவள் எம்மிடம் வந்தது வெள்ளத்திலிருந்து அல்ல, அவளை அணைத்திருந்த தந்தையின் மடியிலிருந்து. உன்னைப் பற்றி அவள் எம்மிடம் சொன்ன குறை ஒன்றும் இல்லை. எழுந்திரு."

மருதனார் முகத்திலிருந்து கையை எடுத்தார். செம்பி அவர் தோளைப் பற்றித் தூக்கினார். அதன்பின் நெடுங்காலம் இருவரும் அப்பணியிலேயே நின்று, முடிவில் ஈசன் திருவடி சேர்ந்தனர்.

அச்சத்தை மறைக்காமல் ஆண்டவன் முன் வைத்து, அச்சத்தோடே பிறர் துயர் துடைத்த மருதனாரின் அன்பு வாழ்க.