வாலில் பூசிய வெள்ளை

குரு என்றால் தாடி வேண்டும் என்று நினைப்பவர்கள் எஸ்தர் ரூபியைப் பார்த்தால் ஏமாந்துபோவார்கள். முப்பதைத் தாண்டியவள். பாளையங்கோட்டையில் ஒரு மாடியறையில், கணினியே கதி என்று இருப்பவள். நிஜம்போலவே கணினியில் பறக்கவைக்கும் சிமுலேட்டரில் ஓட்டுகிற பழைய விமானங்களுக்கு, அவை பறந்த காலத்து வர்ணத்தை அப்படியே தீட்டிக் கொடுப்பாள். சீடர் சிதம்பரவேலுக்கோ அவளுடைய அப்பாவின் வயது. ஆனாலும் வாய் நிறைய டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

அவர் இந்த வேலையைக் கற்றுக்கொண்டது ஒரே ஒரு விமானத்துக்காக. அவருடைய அண்ணன் கோமதிநாயகம் ‘தென்வானம்’ என்ற கம்பெனியின் விமானத்தில் பணியாளராக இருந்தவர். ஒருநாள் தரையிறங்கப் போகும் நேரத்தில் அது மலையில் மோதியது. ஒருவரும் மிஞ்சவில்லை. அதே விமானத்தைக் கணினியில் தீட்டி, அதே பாதையில் ஓட்டி, பத்திரமாக இறக்கிவிட வேண்டும். சிதம்பரவேலுக்கு வேறு ஆசையே இல்லை.

கிடைத்த படங்களையெல்லாம் தேடிப்பிடித்து, ஜன்னலோரக் கோட்டிலிருந்து கதவுப் பிடி வரை தீட்டி முடித்தார். தினமும் ஓட்டினார், தினமும் இறக்கினார். ஒரு குலுக்கல்கூடக் கிடையாது. ஆனால் இறக்கிய பிறகு சாப்பாடு இறங்கவில்லை. பாவம் மனுஷன், பாதியாக இளைத்துப்போனார்.

கடைசியில் டீச்சரிடமே வந்து கேட்டார்.

“எல்லாம் சரியாத்தான செஞ்சிருக்கேன். பொறவு ஏன் டீச்சர் மனசு ஆற மாட்டேங்கு?”

எஸ்தர் அவர் தீட்டிய விமானத்தைத் திரையில் திறந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். வாலுக்கு வந்ததும் நிறுத்தினாள். உடம்பெல்லாம் சந்தன நிறம். வாலில் மட்டும் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளை.

“இந்த வெள்ளை எங்க இருந்து வந்துச்சு அண்ணாச்சி?”

இந்த விமானத்தின் வால் தெரிகிற படம் ஒன்றுதான் கிடைத்தது, அதில் அப்படித்தான் இருந்தது என்றார் அவர். மற்ற விமானங்களின் வாலில் கம்பெனி பெயர் இருந்தது அவருக்கும் தெரியும். இதற்கு மட்டும் புதிதாக வெள்ளை அடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாராம்.

“அந்தப் படம் எங்க எடுத்தது?”

“மலையில. விழுந்த பொறவு.”

எஸ்தர் அவர் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னாள். விமானம் விழுந்தால் சில கம்பெனிகள் பெயிண்டரைத்தான் முதலில் அனுப்பும். பத்திரிகைப் படத்தில் தங்கள் பெயர் தெரிந்துவிடக் கூடாதே. சடலங்களை எடுத்து முடிப்பதற்குள் வாலில் உள்ள பெயரை வெள்ளை பூசி மறைத்துவிடுவார்கள்.

சிதம்பரவேலுக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாளும் அவர் ஓட்டிக்கொண்டிருந்தது விழுந்து முடிந்த விமானத்தை.

எஸ்தர் அந்த வெள்ளையை அழித்தாள். மற்ற விமானங்களின் படங்களைப் பார்த்து, சந்தன நிறத்தின் மேல் நீல எழுத்தில் தென்வானம் என்று எழுதினாள். அவர் அந்தப் பெயரை வெறுப்போடு பார்த்தார். பார்க்கப் பார்க்க வெறுப்பு போய் அழுகை வந்தது. விமானம் திரையில் ஓடுபாதைக்குப் போகாமல், கதவு திறந்தபடி நின்றது. அவர் கை தானாக ஓட்டும் பிடியைத் தேடிப் போனது.

“இனி இத நல்லபடியா இறக்கிட்டா, அண்ணன் இறங்கிருவாம்லா டீச்சர்?”

“இறங்க மாட்டாங்க அண்ணாச்சி. அவங்க ஏறுனது இதுலதான். கிளப்பாதீங்க, கிளப்புனாத்தான மலை வரும். கொஞ்ச நேரம் நிக்கட்டும்.”