வெற்றி மேடையில் ஒரு முறையீடு

குமாரசேகர பூபதிக்கு மல்யுத்தம் என்றால் உயிர். ஆண்டுதோறும் அரண்மனைக்கு எதிரே கோதா போட்டு, பக்கத்தில் ஆள் உயரத்துக்கு வெற்றி மேடை கட்டுவார். ஜெயித்த மல்லன் அதில் ஏறி நிற்பான். ராஜாவே ஏறி வந்து மாலை போடுவார். அந்த நாட்டில் ஏழைபாழை ராஜாவை முகத்துக்கு முகம் பார்க்கிற இடம் அது ஒன்றுதான். அரண்மனை வாசலில் போய் நின்றால் பிரதானி அகோரம் விரட்டிவிடுவார். அப்படி விரட்டப்பட்டவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

அந்த ஆண்டு எல்லோரையும் சாய்த்துக்கொண்டு வந்தவன் கீழத்தும்பைச் சடையாண்டி. அவன் ஊருக்குப் போகிற வாய்க்காலைப் பிரதானி அடைத்து, தம் வெற்றிலைக் கொடிக்காலுக்குத் திருப்பிவிட்டிருந்தார். ஊர்க் குளம் வறண்டது. நெல் கருகியது. இன்னும் கொஞ்ச நாள் போனால் ஊரே மூட்டை கட்ட வேண்டியதுதான். சடையாண்டி மேடை ஏறினால் என்ன பேசுவான் என்று பிரதானிக்குத் தெரியாதா? தப்பு செய்கிறவனுக்கு அந்த மூக்கு மட்டும் நன்றாக வேலை செய்யும்.

கடைசிப் போட்டிக்கு முதல் நாள் ராஜாவின் காதில் ஓதினார்.

"மகாராஜா, கண்டவன் மேடையில் நின்று ஒப்பாரி வைத்தால் அண்டை நாட்டுத் தூதர்கள் சிரிக்க மாட்டார்களா?"

"அதற்கு என்ன செய்யலாம்?"

"மேடையில் நிற்பவன் வாய் திறக்கக் கூடாது. கை தூக்கக் கூடாது. கறுப்புத் துணி கட்டக் கூடாது. மீறி முறையிட்டால் கசையடி!"

ராஜா தலையசைத்தார். ஊரெல்லாம் தமுக்கு அடித்தாயிற்று.

சடையாண்டி அரண்மனை விகடர் தோணியப்பரிடம் ஓடினான்.

"ஐயா, வாயைத் தைத்துவிட்டார்களே! ஜெயித்து என்ன பிரயோசனம்? பேசாமல் தோற்றுப் போகிறேன்."

"தோற்றுப் பார். பிரதானி இன்னொரு கொடிக்கால் போடுவார். அடே, ஜெயித்தவனை மேடையில் ஏற்றி என்ன செய்வார்கள்?"

"மாலை போடுவார்கள். அப்புறம் அவன் ஊர்க் குளத்தில் மொண்டு வந்த தண்ணீரை ராஜா அவன் தலையில் ஊற்றுவார். பழைய வழக்கம்தானே?"

"அதை யாராவது தடை செய்தார்களா?"

"இல்லை."

"பிறகென்ன? குளத்தில் என்ன இருக்கிறதோ, அதை மொண்டு வரச் சொல்!"

மறுநாள் எதிராளி மல்லாந்து விழுந்தான். சடையாண்டி மேடை ஏறினான். கையைக் கட்டி, உதட்டை இறுக்கி, கம்பம் மாதிரி நின்றான். கீழே பிரதானி கசைக்காரனைப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்திருந்தார்.

ராஜா ஏறி வந்து மாலை போட்டார். கீழத்தும்பைக்காரர்கள் மஞ்சள் துணி கட்டிய செப்புக் குடத்தை நீட்டினார்கள். மேளம் முழங்கியது. ராஜா துணியை அவிழ்த்தார். கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடியே குடத்தைக் கவிழ்த்தார்.

பொலபொலவென்று புழுதி கொட்டியது!

மேளம் நின்றது. ராஜா தும்மினார்.

"என்னடா இது?"

சடையாண்டி இமைகூட அசைக்கவில்லை.

"அவன் பேசக் கூடாது மகாராஜா. தங்கள் உத்தரவு," என்றார் கீழே நின்ற தோணியப்பர். "கீழத்தும்பைக் குளத்தில் இப்போது இருப்பது இதுதான். தண்ணீரெல்லாம் பிரதானியாரின் கொடிக்காலுக்குப் போயிருக்கிறது."

பிரதானி துள்ளினார். "மகாராஜா, இது முறையீடு! மேடையிலேயே முறையீடு! கொடுக்கச் சொல்லுங்கள் கசையடி!"

"கொடுக்க வேண்டியதுதான்," என்றார் தோணியப்பர். "அவன் வாய் திறந்தானா?"

"இல்லை."

"கை தூக்கினானா?"

"இல்லை. ஆனால் அந்தக் குடம்..."

"குடத்தைக் கவிழ்த்தது யார் கை, பிரதானியாரே?"

கசைக்காரன் கசையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "முறையிட்டது என் கைதான்! அதற்குத் தண்டனையும் நானே தருகிறேன். நாளைக்கு இந்தக் கை மண்வெட்டி பிடித்து அந்த வாய்க்கால் அடைப்பை வெட்டித் திறக்கட்டும்."

"ஐயோ, தங்கள் கை மண்வெட்டி பிடிப்பதா!" பிரதானி வழக்கம்போல் குழைந்தார். "அடியேன் எதற்கு இருக்கிறேன்?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ராஜா மேடையை விட்டு இறங்கி, தம் முத்துமாலையைக் கழற்றித் தோணியப்பரின் கழுத்தில் போட்டார். தோணியப்பர் மேடைக்கு அடியில் குனிந்து, ஒரு புது மண்வெட்டியை எடுத்துப் பிரதானியிடம் நீட்டினார்.

"காம்பை நன்றாக இழைத்துத் தரச் சொன்னேன், பிரதானியாரே. தங்கள் கை உழைத்துப் பழகாத கை பாருங்கள்."