ஓசூர்ச் சுவரில் ஒரு கடிகாரம்

கோமதிநாயகம் விற்ற கடிகாரம் நின்றதாகப் பாளையங்கோட்டையில் ஒருவரும் சொன்னதில்லை. அதில் அவருக்கு இருந்த கர்வத்தை அவர் மறைத்ததும் இல்லை.

முப்பத்து நான்கு ஆண்டுகள் நில அளவராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய பெண்டுலக் கடிகாரங்களைச் சேர்த்து வைத்திருந்தார். அவற்றைப் பழுது பார்க்கக் கடிகாரக் கடை பியூலாவிடம் கற்றுக்கொண்டார். பியூலா அவரைவிட இருபத்திரண்டு வயது இளையவள். ஆயினும் அவளை வாத்தியாரம்மா என்றே அழைத்தார். வயது பிறப்புச் சான்றிதழுக்கு, பதவி வேலைக்கு என்பது அவர் கட்சி.

வீட்டில் இருந்தவற்றைத் தெரிந்தவர்களுக்கு விற்கத் தொடங்கினார். விற்ற ஒவ்வொன்றையும் தாமே சுமந்து சென்று, மட்டம் பார்க்கும் ரசமட்டத்தைப் பெட்டியின் மேல் வைத்து, மயிரிழை சாயாமல் மாட்டி, ஓடக் கண்ட பிறகே அந்த வீட்டுக் காப்பியைக் குடிப்பார். பிறகு இணையத்தில் விற்றார். பிறகு, விற்பதற்கென்றே வாங்கினார்.

அப்போதுதான் அந்த இணையச் சந்தையிலிருந்து கடிதம் வந்தது. நீங்கள் இப்போது வீட்டுப் பொருளை விற்கும் தனிநபர் அல்ல. மாத முடிவுக்குள் வியாபாரியாகப் பதிந்துகொள்ளவும். உங்கள் பெயரும் முகவரியும் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும். வாங்கியவர் திருப்பி அனுப்பினால் ஏற்க வேண்டும்.

கடிதத்தைத் தம் மனைவியிடம் இரண்டு முறை படித்துக் காட்டினார். ஆனால் பதியவில்லை. காரணம், கோவை, வேலூர், ஓசூர் என்று வெளியூருக்கு அனுப்பிய மூன்று கடிகாரங்களும் ஓடவில்லை என்று திரும்பி வந்திருந்தன. மூன்றையும் தம் வீட்டுச் சுவரில் மாட்டினார். மூன்றும் ஓடின.

ஓசூரிலிருந்து திரும்பியதைத் தூக்கிக்கொண்டு பியூலாவின் கடைக்குப் போனார். மாதம் முடியப் பதினெட்டு நாள் இருந்தது.

“ஓடுற கடிகாரத்தை ஓடலைன்னு திருப்புதாங்க, வாத்தியாரம்மா. என் பேரைப் போட்டுக் கடை திறந்து, அந்தப் பேர் சந்தி சிரிக்கணுமா? பதியவா, வேண்டாமா?”

பியூலா கடிகாரத்தைத் திறந்து பார்த்தாள். குறை ஒன்றும் இல்லை என்றாள். கூடவே அனுப்பிய குறிப்பு எங்கே என்று கேட்டாள். அவர் எடுத்துக் கொடுத்தார். பதினான்கு விதிகள், கோணங்களுடன் ஒரு வரைபடம், கீழே கையெழுத்து.

எதிர்ச்சாரியில் பூக்கட்டும் முப்பிடாதியைப் பியூலா கூப்பிட்டாள். கடிகாரத்தையும் தாளையும் அவள் கையில் கொடுத்து, படித்துப் பார்த்து மாட்டச் சொன்னாள். கோமதிநாயகத்தைத் தெருவுக்கு அந்தப் பக்கம், பூக்கூடையின் அருகில் போய் நிற்கச் சொன்னாள். வாய் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை.

முப்பிடாதி முதல் விதியைப் படித்தாள். ரசமட்டம் தன் வீட்டில் இல்லையே என்றாள். இரண்டாவதைப் படித்தாள். மூன்றாவதை விட்டுவிட்டுக் கடிகாரத்தைக் கடைச் சுவர் ஆணியில் மாட்டினாள். பெண்டுலம் ஆடியது. டிக் ஒன்று நெருங்கி வந்தது, டாக் ஒன்று தயங்கி வந்தது. கோமதிநாயகத்தின் கை தானாக நீண்டது. ஒரு கால் தெருவில் இறங்கியது. பியூலா ஒரு விரலை உயர்த்தினாள். அவர் ஏறி நின்றார்.

நான்காம் நிமிடம் கடிகாரம் நின்றது.

“அண்ணாச்சி, ஒங்க மொகத்தப் பாத்தாத்தான் இது ஓடும் போலுக்கு” என்றாள் முப்பிடாதி.

அவர் தெருவைக் கடந்து வந்தார். “நான் ஒரு தொடு தொட்டா ஓடும், வாத்தியாரம்மா.”

“அப்பம் ஒங்களையும் சேத்துல்லா பெட்டியில வச்சு அனுப்பணும்” என்றாள் பியூலா. கையிலிருந்த வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

மறுநாள் அவர் புதிய தாளுடன் வந்தார். ஒன்பது விதிகள். முப்பிடாதி மாட்டினாள், கடிகாரம் நின்றது. அடுத்த நாள் ஆறு விதிகள். நின்றது. ஒவ்வொரு நாளும் அவர் எதிர்ச்சாரியில் வாயை மூடிக்கொண்டு நின்றார். சும்மா நிற்கும் நேரத்துக்குப் பூவாவது கட்டலாம் என்று முப்பிடாதி சொன்னதையும் பொறுத்துக்கொண்டார். ஐந்தாம் நாளிலிருந்து, அவள் என்ன செய்கிறாள் என்பதைப் பார்ப்பதை விட்டு, எந்தச் சொல்லில் தயங்குகிறாள் என்பதைக் கவனித்தார்.

பதினோராம் தாளில் மூன்றே வரிகள் இருந்தன.

‘ஆணியில் மாட்டி, பெண்டுலத்தை ஒரு பக்கம் தள்ளி விடுங்கள்.

கண்ணை மூடிக் கேளுங்கள். ஒருவர் நடந்து போவது போல் கேட்டால் சரி. நொண்டிப் போவது போல் கேட்டால், பெட்டியின் அடிப்பக்கத்தை இடமோ வலமோ சிறிது நகர்த்துங்கள்.

நொண்டல் நின்றதும் கையை எடுத்துவிடுங்கள். கடிகாரம் கோணலாகத் தெரிந்தால் தெரியட்டும்.’

கடைசி வரியை எழுத அவருக்கு ஓர் இரவு பிடித்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள் கோணலாக எதையும் அவர் விட்டதில்லை.

முப்பிடாதி கண்ணை மூடினாள். பெட்டியை அரை விரல் நகர்த்தினாள். கடிகாரம் சற்றே சாய்ந்து, சீராக நடந்தது. அவள் பூக்கட்டப் போய்விட்டாள். மாலையில் கடை சாத்தும்போதும் அது ஓடிக்கொண்டிருந்தது.

அதே கடிகாரத்தை, உள்ளே ஒரு திருகையும் தொடாமல், ஓசூரில் வாங்கியிருந்த அம்மாளிடம் ஒப்புதல் கேட்டு, புதிய தாளுடன் மறுமுறை அனுப்பினார்.

மாதம் முடிய ஒரு நாள் இருக்கையில் தொலைபேசி அழைப்பு வந்தது. யாரும் பேசவில்லை. டிக், டாக் என்ற ஒலி மட்டும் கேட்டது, காலாற நடந்து போகிறவரைப் போல. நெடுநேரம் கழித்தே அந்த அம்மாளின் குரல் வந்தது. முந்தாநாள் மத்தியானம் மாட்டியதாம், இதுவரை நிற்கவில்லையாம்.

கோமதிநாயகம் கடைக்குப் போனார். நடந்ததைச் சொன்னார்.

“பதியவா, வாத்தியாரம்மா?”

பியூலா கண்ணில் பொருத்தியிருந்த லென்ஸைக் கழற்றினாள்.

“முந்தாநாள் மத்தியானம் அது ஓட ஆரம்பிக்கும்போது நீங்க என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?”

அவர் யோசித்தார்.

“தூங்கிக்கிட்டு இருந்தேன்.”

“பேரைப் போடுங்க அண்ணாச்சி. முழுப் பேரையும் போடுங்க.”