கீழப்பேட்டை நிலையத்தில் மகாராஜா

கருங்காட்டூர் சமஸ்தானத்தில் டிராம் ஓடிய காலம். நகரத்துக்கு வெளியே கீழப்பேட்டையில் நிலையம் கட்டும் வேலையை ராஜா தன் மைத்துனர் காத்தவராயரிடம் விட்டார். மனுஷன் கட்டினார் பாருங்கள், அடடா! வாசலில் சிங்கம் வைத்த வளைவு, நாலு முகக் கடிகாரக் கோபுரம், நடுவில் நீரூற்று. தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் பிளாட்பாரம் உண்டு. கூரை மட்டும் கிடையாது. போட்டால் வளைவு மறைந்துவிடுமாம். பெஞ்சும் இல்லை. உட்கார இடம் கொடுத்தால் ஜனங்கள் சோம்பேறியாகிவிடுவார்களாம். பிளாட்பாரம் தாழ்ந்து கிடக்க, வண்டிப் படியோ இடுப்பு உயரத்தில் நின்றது.

கீரைக்கூடையோடு ஏறப்போன பெண்கள் சறுக்கி விழுந்தார்கள். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி கையை முறித்துக்கொண்டாள். எல்லோரும் அரண்மனைக் காரியஸ்தர் ஆவுடையப்பரிடம் வந்து அழுதார்கள். அவர்கள் சொன்னது நியாயம் என்று அவருக்கும் தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் போச்சு. நிலையத்தில் குறை சொல்பவன் அன்றைக்கே நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்பது ராஜாவின் உத்தரவு.

வண்டி ஓடி ஒரு மாதம் கழித்துத்தான் திறப்பு விழாவுக்கு நாள் அமைந்தது. அன்று பார்த்து வானம் மூட்டம் போட்டிருந்தது. ராஜாவுக்கோ அதிரசத்தையும் பகடையையும் விட்டு எழ மனமில்லை. தன் வாளைக் கொண்டுபோகும்படி ஆவுடையப்பரிடம் சொல்லிவிட்டார். ராஜா போகமுடியாத இடத்துக்கு அவர் வாள் போகும், வாள் போனால் ராஜாவே போனதாக அர்த்தம். அந்தச் சமஸ்தானத்துப் பழைய வழக்கம் அது. ஆவுடையப்பர் வாளைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

சாயங்காலம் சபையில் சின்னராணியோடு வீற்றிருந்த ராஜா, விழா எப்படி நடந்தது என்று விசாரித்தார்.

"நிலையத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை மகாராஜா. தங்கள் உடம்பை நினைத்தால்தான் கவலை."

"என் உடம்புக்கு என்ன வந்தது?"

வண்டி வரும்வரை மகாராஜா ஒரு மணி நேரம் கால்கடுக்க நின்றதையும், மழையில் தொப்பலாக நனைந்ததையும், படி எட்டாமல் சேற்றில் குப்புற விழுந்ததையும் ஆவுடையப்பர் பயபக்தியோடு எடுத்துச் சொன்னார்.

காத்தவராயர் துள்ளி எழுந்தார். குறை சொல்லிவிட்டான், நாடு கடத்துங்கள் என்று குதித்தார். ராஜாவுக்கும் கோபம் வந்துவிட்டது.

"நான் இங்கேதானய்யா பகடை ஆடிக்கொண்டிருந்தேன். அங்கே விழுந்தது வெறும் இரும்பு."

ஆவுடையப்பர் கைகட்டி நின்றார்.

"அப்படியானால் அடியேனுக்கு ஒரு சந்தேகம். போன வைகாசியில் மகாராஜா வேட்டையில் இருந்தீர்கள். சின்னராணியார் கல்யாணத்துக்கு இதே வாளைத்தான் அனுப்பினீர்கள். அன்றைக்கு மணவறையில் உட்கார்ந்தது யார்?"

சின்னராணி மெல்லத் திரும்பி ராஜாவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ராஜா அங்கவஸ்திரத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பலமாக ஒரு தும்மல் போட்டார்.

"என்ன மழை ஐயா அது. இடுப்பு வேறு பிடித்துக்கொண்டது. மைத்துனரே, நாளைக்கே பிளாட்பாரத்தை உயர்த்தி, பெஞ்சும் கூரையும் போடும். இன்னொரு தடவை என்னால் நனைய முடியாது."