இருபத்து நாலில் ஒரு கூறு

மணிக்கு முந்நூறு மைல் வேகத்தில் ஓடின படகு ஒன்று தபாலில் உங்கள் வீட்டுக்கு வந்தால் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்?

காத்தாடிப் பொட்டல் பலவேசம் முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்த கோழிகளைப் பிடித்துப் பஞ்சாரக் கூடைக்குள் அடைத்தார். பிறகு தெருவில் இறங்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து, ஆள் நடமாட்டம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பெட்டியைத் திறக்கச் சொன்னார். அந்த ஊரிலேயே அவர்தான் கொஞ்சம் நிதானமான ஆள்.

அனுப்பியவர் மாப்பிள்ளை. இன்னும் ஆகவில்லை, ஆகப்போகிறவர். பெயர் தளவாய். தூத்துக்குடித் துறைமுகத்தில் படகு ஓட்டுகிறார். வேலைக்குப் போனால் பெரிய படகு, வீட்டுக்கு வந்தால் சின்னப் படகு. உலகத்தில் வேகத்துக்குப் பேர் வாங்கிய படகுகளை அச்சு அசலாகச் சின்னதாகச் செய்து அலமாரியில் வைப்பது அவருக்கு அவ்வளவு பிரியம். அதைப் பாகம் பாகமாகப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். வாங்கி, ஒட்டி, வண்ணம் பூச வேண்டியது நம் பாடு. ஐந்து படகு முடித்துவிட்டு, ஆறாவதாகச் செந்நாரை என்ற படகை வாங்கி, அதை மட்டும் மாமனாருக்கு அனுப்பியிருந்தார். ஒட்டும் முறையைத் தமிழில் இரண்டு தாள் எழுதி, மேலே ஒரு சீட்டும் வைத்திருந்தார்.

"மாமா, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அதற்குள் செய்து வையுங்கள். கல்யாண மேடையில் வைக்கலாம். தாளில் உள்ளபடியே செய்யுங்கள், ஒரு வரிகூட மாறக் கூடாது."

ஒரு வரிகூட மாற விடுவதில்லை என்று பலவேசம் முடிவு செய்தார். காரணம் இருந்தது. மகள் சந்தனமாரிக்குப் போன வருடம் ஒரு இடம் கூடிவந்து கைநழுவிப் போயிருந்தது. நிச்சயத்துக்குப் பத்துப் பேர் வருவதாக அவர்கள் சொல்லியிருந்தார்கள். பதினோராவதாக வந்த ஆளை இவர்கள் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்த ஆள்தான் மாப்பிள்ளை. இப்போது இந்த இடமும் போனால் இன்னொன்று வராது.

அதனால் துணைக்கு இரண்டு பேரைக் கூப்பிட்டுக்கொண்டார். ஒருத்தர் மச்சினன் கொம்பையா. இன்னொருத்தர் சுயம்புக் கொத்தனார், எட்டாவது வரை படித்தவர்.

பெட்டியைத் திறந்ததும் பலவேசத்தின் மனைவி பிரம்மசக்தி எட்டிப் பார்த்தாள்.

"உடைஞ்சுல்லா வந்திருக்கு" என்றாள்.

"அவ்வளவு வேகத்துல வந்தா உடையாம என்ன செய்யும், மதினி" என்றார் சுயம்பு. "ஒட்டிருவோம். அதுக்குத்தான மாப்பிள்ளை பசையும் வச்சிருக்காரு." தாளை விரித்து முதல் வரியைப் படித்தார். "'எல்லாப் பாகங்களும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளவும்.'"

மூன்று பேரும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். ரொம்ப நேரம் பார்த்தார்கள்.

"எல்லாம் இருக்கா?" என்று கேட்டார் பலவேசம்.

"இருக்கிறதெல்லாம் இருக்கு, அத்தான்" என்றார் கொம்பையா. "இல்லாதது எதுவும் கண்ணுல படலை."

அடுத்த வரி, "காற்றோட்டமான இடத்தில் அமர்ந்து ஒட்டவும்."

அவர்கள் ஊரில் காற்றுக்கா பஞ்சம். ஊருக்கு மேற்கே கரடு. கரடு முழுக்கக் கரண்டு எடுக்கிற காத்தாடிகள். மாதமோ ஆடிக் கடைசி. இருப்பதிலேயே பெரிய காத்தாடியாகப் பார்த்து அதன் தூருக்குப் போய் உட்கார்ந்தார்கள். பலவேசத்தின் துண்டு போனது. சுயம்புவின் கையிலிருந்த தாள் போய், முள்செடியில் மாட்டிக் கிடைத்தது. படகின் ஸ்டியரிங், சுண்டுவிரல் நகமளவுதான் இருக்கும், அதுவும் போனது. அது கிடைக்கவில்லை. கொம்பையா தன் சட்டைப் பொத்தானைப் பிய்த்து அந்த இடத்தில் ஒட்டினார்.

"நாலு ஓட்டை இருக்கே" என்றார் பலவேசம்.

"ஆத்திர அவசரத்துக்கு நாலு பேரு பிடிக்கலாம்லா."

அதற்கடுத்த வரிதான் ஆளைக் கொன்றது. "பசை தடவிய இரு பாகங்களையும் ஐந்து நிமிடம் அசையாமல் அழுத்திப் பிடிக்கவும்." பலவேசம் படகின் அடிப்பாகத்தைப் பிடித்தார். கொம்பையா மேல்பாகத்தைப் பிடித்தார். யார் பிடிக்க வேண்டும் என்று தாளில் பெயர் போடாததால் சுயம்புவும் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். கைக்கடிகாரம் இருந்தது பலவேசத்திடம். அதன் முகம் தரையைப் பார்த்து இருந்தது.

"அஞ்சு நிமிசம் ஆச்சா, அண்ணாச்சி?"

"கையைத் திருப்பினாத்தானே தெரியும்."

"திருப்பாதீங்க. அசையாமல்னு போட்டிருக்கு."

"இப்ப உம்ம வாய் அசையுதே, கொத்தனாரே."

அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு போனவர்களைத் தேடிக்கொண்டு பிரம்மசக்தி கரட்டுக்கு வந்தபோது பொழுது மேற்கே இறங்கியிருந்தது. அவள்தான் புருசன் கையைத் திருப்பி மணி பார்த்தாள்.

"ஆறு ஆகப்போகுது."

"பிடிச்சது பதினோரு மணிக்கு" என்று பலவேசம் கணக்குப் போட்டார். "அப்ப அஞ்சு நிமிசம் ஆயிருக்கும்."

ஆகியிருந்தது. படகு ஒட்டிவிட்டது. கொம்பையாவின் கட்டைவிரலும் அதோடு ஒட்டிவிட்டது. அவரை நடுவில் விட்டு, படகுக்கு ஒரு கை கொடுத்து, மூன்று பேரும் பக்கவாட்டில் நடந்தே ஊர் வந்து சேர்ந்தார்கள். தேங்காய் எண்ணெய் போட்டுப் பிரித்தெடுப்பதில் பலவேசம் ரொம்பக் கவனமாக இருந்தார். படகுக்கு ஒரு கீறல் இல்லை. மறுநாளிலிருந்து மணி பார்க்கப் பிரம்மசக்தியும் கூட வந்ததால் வேலை வெரசாக நடந்தது.

வெள்ளிக்கிழமை ஒட்டு வேலை முடிந்தது. பெட்டியில் பன்னிரண்டு பாகம் மிச்சம் கிடந்தது. நல்ல கொத்தனார் வேலை முடித்தால் செங்கல் மிஞ்சத்தான் செய்யும் என்றார் சுயம்பு. எல்லோருக்கும் நிம்மதி.

சனிக்கிழமை வண்ணம். "பெட்டியின் மேல் உள்ள படத்தில் காண்பது போலவே பூசவும்." படத்தில் செந்நாரை சிவப்பாக, பின்னால் வெள்ளையாக நுரை கிளப்பிக்கொண்டு வலது பக்கம் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. வலது விலாவுக்குச் சிவப்பு பூசினார்கள். இடது விலா படத்தில் இல்லை. அதனால் பூசவில்லை. தலையணையைக் கிழித்துப் பஞ்செடுத்துப் பின்னால் நுரையும் வைத்தாகிவிட்டது.

"நெசமாவே ஓடுற மாதிரி இருக்கு" என்றாள் பிரம்மசக்தி. கோழிகள் இன்னும் பஞ்சாரத்தில்தான் இருந்தன.

அப்போதுதான் சுயம்பு தாளின் கடைசி வரியைப் படித்தார்.

"'இது உண்மையான படகில் இருபத்து நான்கில் ஒரு பங்கு.'"

தாளைத் திருப்பிப் பார்த்தார். மீதி இருபத்து மூன்றைப் பற்றிப் பின்பக்கம் ஒரு விவரமும் இல்லை.

கோயில் கொடைக்குக் கிடா வெட்டினால் அந்த ஊரில் கறியைக் கூறு போடுவது கொம்பையாதான். ஈரலில் ஒரு துண்டு, நெஞ்செலும்பில் ஒரு துண்டு, குடலில் கொஞ்சம் என்று எல்லாக் கூறிலும் எல்லாம் விழ வேண்டும், அதுதான் முறை. அவர் படகைத் தூக்கி நாலா பக்கமும் பார்த்தார்.

"முறையாப் போட்ட கூறுதான்" என்றார். "இஞ்சின்ல கொஞ்சம், உக்கார்ற இடத்துல கொஞ்சம், வால்ல கொஞ்சம். எல்லாம் விழுந்திருக்கு. போட்டவன் கை சுத்தம்."

"மத்த கூறெல்லாம் எங்க, கொம்பையா?"

"கூறு போட்டா வீட்டுக்கு ஒன்னு கொடுப்போம், அத்தான்."

"எந்த வீட்டுக்கு?"

கொம்பையா யோசித்தார். "நமக்கு எதுக்காக வந்துச்சு?"

"பொண்ணு கொடுக்கப் போறோம், அதுக்காக."

"அப்ப மத்த இருபத்து மூணும் பொண்ணு கொடுக்கிற வீட்டுக்குத்தான் போயிருக்கும்."

பலவேசம் அப்படியே கீழே உட்கார்ந்தார். போன மாப்பிள்ளையாவது ஒரு வாசலில்தான் நின்றான். இவர் இருபத்து நாலு வாசலில் நிற்கிறார். அன்பாக அனுப்பினார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தோமே என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஒரே முகூர்த்தத்துல ஒரு ஆளு இருபத்து நாலு தாலி எப்படிக் கட்ட முடியும்?" என்று கேட்டாள் பிரம்மசக்தி.

"வேகத்துல பிரியம் உள்ள ஆளுல்லா, மதினி" என்றார் சுயம்பு.

இதுவரை கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த சந்தனமாரி மெல்லக் கேட்டாள். "மாமா, நமக்கு வந்திருக்கிறது தலைக்கூறா, கடைசிக்கூறா?"

கொம்பையா படகின் மூக்கைத் தடவிப் பார்த்துவிட்டு, "தலைக்கூறுதான், தாயி" என்றார். அவளுக்கு அதில் கொஞ்சம் ஆறுதல்.

ஞாயிற்றுக்கிழமை தளவாய் வந்தார். படகின் சிவப்புப் பக்கத்தை அவருக்கு நேராக வைத்திருந்தார்கள். அவர் பார்த்தார், சந்தோசப்பட்டார், பிறகு எழுந்து அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார்.

"மாமா, இந்தப் பக்கம்?"

"படத்துல இல்லையே, மாப்பிள்ளை."

தளவாய் படத்தைப் பார்த்தார். படகைப் பார்த்தார். பொத்தானைப் பார்த்தார். பஞ்சைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் இருமினார்.

அவர் இருமி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள் பிரம்மசக்தி. "மத்த இருபத்து மூணு வீட்டுக்கும் எப்பப் போறீய?"

"எந்த வீட்டுக்கு, அத்தை?"

சுயம்பு கடைசி வரியைப் படித்துக் காட்டினார். கொம்பையா கூறு போடும் முறையை விளக்கினார். தளவாய் எல்லாவற்றையும் கேட்டார். இந்தத் தடவை அவர் இருமவில்லை.

"அத்தை, யாரும் கூறு போடலை. முழுப் படகும் இதுதான். அளவு மட்டும் இருபத்து நாலு மடங்கு சின்னது. எனக்கு இருக்கிறது ஒரே வீடு, இந்த வீடுதான். பொண்ணும் ஒன்னுதான்."

உள்ளே சந்தனமாரியின் கையிலிருந்து ஒரு டம்ளர் விழுந்து உருண்டது. பலவேசத்துக்கு மூச்சு வந்தது. கூறு போட்டது பொய் என்றதும் கொம்பையாவுக்குத்தான் முகம் கொஞ்சம் சுண்டிவிட்டது.

ஆனால் சுயம்பு விடவில்லை. "முழுப் படகும் இதேவா?"

"இதேதான்."

"முந்நூறு மைல் வேகத்துல ஓடினது?"

"ஆமா. ஒரு பெரிய ஏரியில."

"தண்ணியிலயா ஓடிச்சு?"

"படகு தண்ணியிலதானே ஓடும்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு நிமிசம்கூட இருக்காது."

மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். புதுத் துணியை நனைத்தால் சுருங்கும் என்பது தெரியாதவர்களா அவர்கள். ஆனால் ஒரு நிமிடத்துக்கு இருபத்து நாலு மடங்கு என்பது யாரும் கேள்விப்படாத சுருக்கம்.

"நீங்க தண்ணியில எத்தனை வருசமா இருக்கீய, மாப்பிள்ளை?" என்று பலவேசம் மெதுவாகக் கேட்டார்.

"எட்டு வருசம் ஆச்சு, மாமா."

பலவேசம் அவரை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பார்த்தார். போன மாதம் பெண் பார்க்க வந்தபோது இதே மாப்பிள்ளைக்கு இதே வாசல் நிலையில் தலை இடித்தது. இன்றைக்கு உள்ளே வரும்போது இடிக்கவில்லை. குனிந்து வந்தாரோ என்னவோ, அதை யாரும் கவனிக்கவில்லை. இடிக்கவில்லை என்பது மட்டும் எல்லோருக்கும் நினைவிருந்தது. கல்யாணத்துக்குச் சட்டை வேறு பழைய அளவுக்குத் தைத்தாகிவிட்டது.

சாப்பிட இலை போட்டார்கள். கை கழுவ ஒரு செம்பு நிறையத் தண்ணீரோடு சந்தனமாரி மாப்பிள்ளை பக்கத்தில் வந்து குனிந்தாள். பலவேசம் பாய்ந்து போய் அந்தச் செம்பைப் பிடுங்கிக்கொண்டார். ஒரு சொட்டுகூட மேலே தெறிக்காமல் தூர வைத்துவிட்டு, மாப்பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை, நான் உங்ககிட்ட வேற ஒன்னும் கேக்கலை. முகூர்த்தத்துக்கு இன்னும் பதினோரு நாள்தான் இருக்கு. அதுவரைக்கும் குளிக்காம மட்டும் இருந்திருங்க."